கப்பலில் ஒரு பிரகாரம்

அந்த உல்லாசக் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கப்போகிறோம் என்று நிறுவனம் அறிவித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஓய்வு யார் கேட்டது? முழங்கால் தேய்ந்து, போகிற இடமெல்லாம் நாற்காலி தேடுகிறவள் நான். கப்பல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழசாகிவிட்டதாம். அதைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் புதுசு வருகிறதாம். சிங்கப்பூர் தேக்காவில் பயண முகவராக இருக்கும் என் பழைய மாணவி இதைச் சொல்வதற்கென்றே தன் அலுவலகத்திலிருந்து இறங்கி, நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்கு வந்திருந்தாள்.

"யாரு ரிட்டயர் ஆகுறாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"நம்ம கப்பல்."

"நல்ல மனுஷன்," என்றார் வருத்தத்தோடு. பிறகு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

மாணவி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அந்தக் கப்பல் போனால் எங்களுக்கு என்ன போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பூட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணவர் ஈசூனில் பேருந்து ஓட்டியவர். முனையத்திலிருந்து கிளம்பி, அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி முனையத்துக்கே வந்து சேரும் சின்னத் தடம் அவருடையது. நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த எனக்கு, வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு மனிதரைக் கட்டி மேய்க்க முடியவில்லை. மறதி அவரிடம் அவசரப்படாமல்தான் வந்தது. முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு அடுப்பை, பிறகு கிழமையை. ஒரு நாள் ரொட்டி வாங்கக் கீழே போனவர் திரும்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் தெம்பனிஸ் பேருந்து முனையத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஓட்டுநர்கள் உட்காரும் அறைக்குள் போய், தன் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று அங்கிருந்தவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலையே பொங்கோலிலிருந்து மகன் வந்து வாசல் இரும்புக் கேட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டினான். இணையத்தில் பல பூட்டுகளை ஒப்பிட்டு, விமர்சனமெல்லாம் படித்து வாங்கியது.

"உள்ளேருந்தும் சாவி இல்லாம ஓப்பன் பண்ண முடியாதும்மா. அப்பா சேஃப்லா, டோன்ட் வொரி," என்றான்.

பத்திரமாகத்தான் இருந்தார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்கப் பத்திரமாக நின்றார். மாலையில் நான் கையைப் பிடித்து அழைத்துப்போவேன். என் கால் தாங்குகிற தூரம் எங்கள் புளோக்கின் முனைவரைக்கும்தான். அந்தக் கைப்பிடிப்பு அவருக்கு ஆகாது. "நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் மனம் நோகும். இல்லை என்று சொன்னால் கையை விட வேண்டும். நான் மின்தூக்கிப் பொத்தானை அழுத்துவேன்.

கப்பலுக்குப் போனதும் ஒரு சாவினால்தான். அவருடைய அண்ணன் இறந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பமும் எதிர்வீட்டு மலாய்க் குடும்பமும் முறுக்குக்கு வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆச்சு என்று தட்டிக் கேட்பார்கள். அதனால் இந்த மாதிரி வருடங்களில் இங்கே பல குடும்பங்கள் செய்வதை நாங்களும் செய்தோம். பண்டிகை நாளில் ஊரிலேயே இல்லாமல் போய்விடுவது. சிலர் பாத்தாம் தீவுக்குப் போவார்கள், சிலர் மலாக்காவுக்கு. மகன் எங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டான்.

எனக்கு ஒரே பயம். நாலு சுவருக்குள்ளேயே வழி தெரியாதவரை நடுக்கடலில் எப்படிக் காப்பது? முதல் நாள் அவர் சட்டை நுனியைப் பிடித்தபடியே சாப்பிட்டேன், பிடித்தபடியே தூங்கினேன். மறுநாள் காலை, வெளித்தளம் ஒன்று இருக்கிறது, காற்றாட உட்காரலாம் என்று யாரோ சொன்னார்கள். கனமான இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால், மரப்பலகை பாவிய நீண்ட நடை. ஒரு பக்கம் கப்பலின் சுவர், மறுபக்கம் கம்பியும் கடலும், தலைக்கு மேலே வரிசையாக உயிர்காப்புப் படகுகள். அவர் அந்தக் கதவுக்கு வெளியே கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"போட்டுக்கங்க, இது கோயில் இல்ல," என்றேன்.

"சும்மா இரு," என்றார்.

நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். இரவெல்லாம் விழித்திருந்த களைப்பு. கடல் காற்று வேறு. கண் அசந்துவிட்டது. விழித்தபோது பக்கத்து நாற்காலி காலி. எழுந்து இந்தப் பக்கம் ஓடுவதா, அந்தப் பக்கம் ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது கப்பலின் பின்மூலையிலிருந்து அவர் திரும்பி வந்தார். வெறுங்காலோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலில் சுற்றுகிற அதே நடை. என் முன்னால் வந்ததும் நின்றார்.

"வந்துட்டேன்," என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு முன்மூலையில் திரும்பி மறைந்தார். நான் உட்கார்ந்து காத்திருந்தேன். சிறிது நேரத்தில் பின்மூலையில் அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. "வந்துட்டேன்."

அந்தத் தளம் கப்பலை முழுசாகச் சுற்றி வருகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கேயும் பிரியாது. குறுக்கே படிக்கட்டு கிடையாது. கதவுகளோ அவரால் இழுத்துத் திறக்க முடியாத கனம். எங்கே போனாலும் என்னிடம்தான் வந்து சேர வேண்டும். வழி தவறவே முடியாத ஒரு பாதையை யாரோ எப்போதோ எங்களுக்கென்று கட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த சுற்றில் அவர் வந்து, "ஏன் மூக்கைச் சிந்துற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவரில் ஒரு அம்புக்குறி இருந்தது. எல்லாரும் இடமாகச் சுற்ற வேண்டும் என்று காட்டியது. இவர் வலமாகத்தான் சுற்றுவேன் என்று நின்றார். ஓடிப் பழகுகிற வெள்ளைக்காரர்கள் எதிரே வந்து முறைப்பார்கள். இவர் கும்பிடு போட்டு வழிவிடுவார். இரண்டாம் நாளே அவர்களும் கும்பிடு போட்டுக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்ததும், அப்பா கடலில் விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று மகன் கேட்டான். கம்பி என் நெஞ்சுயரம். அதோடு கோயில் மதிலை ஏறிக் குதிக்கிற பழக்கம் உங்கள் அப்பாவுக்கு இல்லை என்றேன்.

துக்க வருடம் முடிந்தது. தீபாவளி திரும்பியது. நாங்கள் கப்பலை விடவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அதே கப்பல், அதே தளம், அதே நாற்காலி. செலவைப் பற்றி மகன் சில தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான். சிங்கப்பூரில் மற்ற எல்லா இடத்திலும் என் கணவர் ஒரு நோயாளி. அங்கே மட்டும் காலையில் நடைக்குப் போகிற ஒரு மனிதர். என் கண்ணுக்கு மறைந்து, தானாகத் திரும்பி வருகிற மனிதர். அந்தச் சில நிமிடங்கள் எனக்கும்தான் விடுதலை. கையில் காப்பியோடு, எவரையும் பிடித்துக்கொள்ளாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தளத்தைத் துடைக்கிற இந்தோனீசியர் ஒருவர் இருந்தார். எங்கள் வயதுக்குச் சற்றுக் குறைவு. முதல் நாள் செருப்பைப் பார்த்துக் குழம்பினார். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் செருப்பை யாரும் மிதிக்காதபடி கதவோரம் சேர்த்து வைப்பார். நான் அந்தப் பக்கம் வந்தால், "பாப்பா ஜாலான்-ஜாலான்," என்பார். அப்பா உலாவப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசிப் பயணத்தில் கப்பல் முழுக்கக் கல்யாண வீடும் இழவு வீடும் ஒன்றாக இருந்தது. பழைய பயணிகள் சிப்பந்திகளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சிலர் அறை எண் பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டார்கள். எனக்குப் பலகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் நிறுவனத்துக்கு முன்பே எழுதிப் பார்த்திருந்தேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. அவ்வளவு முக்கியமென்றால் கப்பலை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்க வழியில்லை. அந்த முகவரிக்குத் திருப்பி எழுத முடியாதாம்.

இந்தோனீசியரிடம், புதுக் கப்பலுக்கு நீங்களும் வருவீர்களா என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. வயதானவர்களை எடுப்பார்களோ என்னவோ என்று சிரித்தார். கணவரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

"இதுதாங்க கடைசி. இனிமே இந்தக் கப்பல் வராது."

"சரி," என்றார். ஒரு சுற்றுப் போய் வந்தார். "வந்துட்டேன். அடுத்த தடவ போர்வை எடுத்துட்டு வா, குளுருது," என்றார்.

போயிட்டு வாங்க என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

புதுக் கப்பலைப் பற்றி மாணவியின் அலுவலகச் சுவரில் படம் மாட்டியிருந்தார்கள். தண்ணீர்ச் சறுக்கு, கார்ப் பந்தயம், பானம் கலந்து கொடுக்கும் இயந்திரக் கை. ஒரு கோடியில் சின்னதாகக் கப்பலும் இருந்தது.

"சுத்தி நடக்க எடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு டீச்சர். மேல் மாடியில ஜாகிங் டிராக் போட்டிருக்காங்க. பாருங்க, ஃபுல்லா ரவுண்டா போகுது."

படத்தில் அது வட்டமாகத்தான் இருந்தது. நீலக் கோட்டால் வரைந்த வட்டம். நான் அதை விரலால் ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். மனம் இருக்கிறதே, அது ஏமாறத் தயாராக இருந்தால் ஒரு நீலக் கோடு போதும். அப்போதே முன்பதிவு செய்தேன்.

புதுக் கப்பல் மரினா சவுத் துறைமுகத்தில் நின்றபோது என் கணவர் அண்ணாந்து பார்த்து, "எந்த புளோக்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஈசூனில் ஒரு பேட்டையையே பெயர்த்துத் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. மின்தூக்கிக்குள் பொத்தானே இல்லை. வெளியே ஒரு திரையில் மாடியைச் சொன்னால், எந்தப் பெட்டியில் ஏற வேண்டுமென்று அது உத்தரவு போடும். வரிசையாக ஒரே மாதிரி கதவுகள். கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு அரை நாள் ஆனது. கடல் இப்போது தனித்தனி அறை பால்கனிகளில் இருந்தது, காசு கொடுத்தவர்களுக்கு.

மேல் மாடிக்குப் போனோம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் வைத்தவர் உடனே துள்ளினார். பச்சை ரப்பர்த் தரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அலறினார்கள்.

"திருவிழாவா?" என்று கேட்டார்.

"ஆமா. ஒரு சுத்து போயிட்டு வாங்க."

போனார். ஒரே ஒரு நாற்காலி கிடைத்தது, அதுவும் நீச்சல் குளத்தைப் பார்த்தபடி. கழுத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தார். "வந்துட்டேன்," என்றது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது. சரி, ஒத்துப்போகும் போலிருக்கிறதே என்று நினைத்து மறுபடி அனுப்பினேன். அந்தச் சுற்றில் அவர் வரவில்லை.

நடந்து பார்த்தேன். புகைபோக்கிக்குப் பின்னால் அந்தப் பாதை சறுக்கு விளையாட்டின் வரிசைக்குள் புகுந்தது. அங்கிருந்து ஒரு படிக்கட்டு கீழே, ஒன்று மேலே, இரண்டு கண்ணாடிக் கதவுகள் உள்ளே. எல்லாம் தானாகத் திறக்கிறவை. ஒரு மனிதர் தொலைந்துபோக இதைவிட வசதி செய்துதர முடியாது. செருப்பாவது அடையாளம் சொல்லும் என்று முதல் கதவுக்கே திரும்பி ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. செருப்பு அங்கே இல்லை. யாரும் தடுக்கி விழக் கூடாதென்று சிப்பந்தி எடுத்துத் தொலைந்த பொருள் பிரிவில் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவருக்கு அவர் வேலை.

கீழே சேவை முகப்பில் இருந்த பெண் கனிவாகத்தான் பேசினாள். அவருடைய அறை அட்டையை எங்கே பயன்படுத்தினார் என்று கணினியில் பார்த்துவிடலாம் என்றாள். அவர் அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலின் செயலி அவர் கைப்பேசியில் இருக்கிறதா என்றாள். அவரிடம் கைப்பேசியே இல்லை. எந்த மாடிக்குப் போக விரும்பியிருப்பார் என்றாள். எந்த மாடியும் இல்லை, என்னிடம் வர விரும்பியிருப்பார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஏதோ தட்டச்சு செய்தாள்.

அவரைக் கண்டுபிடித்தது கடைத்தெரு மாடியில். நடுக்கூடத்தில் வட்டமான ஒரு மதுக்கூடம், சுற்றிலும் விளக்கு, உயர முக்காலிகளில் ஆட்கள். அதை வெறுங்காலோடு வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பாதுகாவலர் ஒருவர் இரண்டடி தள்ளிப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். சிலர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். என் வகுப்பாக இருந்திருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருப்பேன். அன்றைக்கு என்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகத்தான் முடிந்தது.

அவர் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"எங்க போன நீ? எத்தன சுத்து சுத்திட்டேன்! உக்காந்த எடத்துல உக்கார மாட்டியா?"

தொலைந்துபோனது நான்தான். அவர் பக்கத்து நியாயம் அது. "தப்புதாங்க," என்றேன். மீதிப் பயணம் முழுக்க அறையை விட்டு இறங்கவில்லை. இனி அவரோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று கப்பல் மருத்துவர் சொன்னார். எனக்குத் தெரியாததைச் சொல்வது போலச் சொன்னார்.

பழைய கப்பலை உடைக்கவில்லையாம். மகன் தேடிக் கண்டுபிடித்தான். வேறு நிறுவனம் வாங்கி, வேறு பெயர் எழுதி, ஏதோ குளிர்க் கடலில் ஓட்டுகிறதாம். கைப்பேசியில் காட்டினான். நீலத்தில் ஒரு சின்ன அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. உடைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அங்கே இப்போது யாரோ நடக்கிறார்கள்.

"அம்மா, நாம வீட்டுலயே ஒரு ரவுண்ட் பண்ணிக்கலாம்லா," என்றான் மகன். நல்ல பிள்ளை. சுவரோடு ஒட்டியிருந்த சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டு, நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒன்றை ஓரமாகப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "போயிட்டு வாங்க," என்றேன். அவர் மேசையைச் சுற்றினார். "வந்துட்டேன்," என்றார். மறுபடி சுற்றினார். "வந்துட்டேன்." மூன்றாவது சுற்றின் பாதியில் நின்று, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தார்.

"நீ மறையவே மாட்டேங்குறியே," என்றார்.

அதற்கு நான் என்ன செய்வேன்? எழுந்தேன். சமையலறைக்குள் போய், அவர் கண்ணில் படாதபடி சுவரோரம் நின்றுகொண்டேன். இப்போது சுற்றுவார், சுற்றிவிட்டு வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். வெறுங்கால் சத்தம் மேசையைச் சுற்றி ஒரு முறை வந்தது. என் நாற்காலியருகே நின்றது. பிறகு வாசல் பக்கம் வேகமாகப் போனது. என்னைத் தேடித்தான். கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கும் சத்தம் கேட்டது. உலுக்கினார், உலுக்கினார்.

பூட்டு நல்ல பூட்டு. மகன் பார்த்துப் பார்த்து வாங்கியது.